ஜோஸப் கான்ராடும் மேல்தளத்துப் பிரயாணிகளும்

1

1884ஆம் வருஷம் ஏப்ரல் மாத நடுவில், 'ரிவர்ஸ்டேல்' என்ற ஆங்கிலப் பாய்க்கப்பலின் செகண்ட் மேட், சென்னையில் வேலை போய்க் கரையிறங்கினார். வயது இருபத்தாறு. போலந்துக்காரர். நடந்தது இதுதான். கப்பல் தலைவர் மக்டொனால்டுக்கு உடம்பு சரியில்லை. டாக்டரை அழைத்துவர செகண்ட் மேட்டைக் கரைக்கு அனுப்பினார்கள். போனவர் டாக்டரிடம் நோய் என்று சொல்லவில்லை, குடி என்று சொல்லிவிட்டார். சொன்னது தலைவரின் காதுக்குப் போயிற்று. செகண்ட் மேட் எழுத்தில் மன்னிப்புக் கேட்டும் பயனில்லை. வேலையிலிருந்து விடுவிக்கும் சான்றிதழில் 'திறமை' என்ற இடத்தில் மிக நன்று என்று எழுதிய மக்டொனால்ட், 'நடத்தை' என்ற இடத்தில் அபிப்பிராயம் சொல்ல மறுத்துவிட்டார். கப்பலில் பிழைப்பவனுக்கு இது சின்ன விஷயமில்லை. அடுத்த கப்பலின் தலைவர் முதலில் பார்ப்பது அந்தக் காகிதத்தைத்தான்.

அடுத்த மாதமே ரிவர்ஸ்டேல் மசூலிப்பட்டினத்துக்கு அருகில் தரைதட்டியது. விசாரணை நடந்தது. தவறு தலைவருடையது என்று முடிவாயிற்று. ஆனால் அதற்குள் நம் செகண்ட் மேட் சென்னையிலிருந்து ரயிலேறிப் பம்பாய் போய், 'நார்சிஸஸ்' என்ற வேறொரு பாய்க்கப்பலில் சேர்ந்துவிட்டிருந்தார். பதின்மூன்று வருஷம் கழித்து அந்தக் கப்பலின் பெயரில் ஒரு நாவல் வந்தது. எழுதியவர் பெயர் ஜோஸப் கான்ராட்.

இந்த விவரம் தெரிந்த நாளிலிருந்து, கடற்கரையில் நடக்கும்போதெல்லாம் அந்த ஏப்ரல் மாதம் எனக்கு நினைவு வருகிறது. 1881 நவம்பர் புயல், கட்டிக்கொண்டிருந்த துறைமுகச் சுவர்களை உடைத்துப் போட்டிருந்த காலம். ஆளும் சரக்கும் பெரும்பாலும் மசூலாப் படகுகளில்தான் அலையைத் தாண்டிக் கரைக்கு வந்தாக வேண்டும். தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த அந்தப் படகுகளைத் தள்ளியவர்கள் நம் கரையோரத்து மனிதர்கள். சென்னையைக் களமாக வைத்துக் கான்ராட் ஒரு கதையும் எழுதவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. எந்த ஊரும் எந்த எழுத்தாளனிடமும் பாக்கி வசூலிக்க முடியாது. ஆனால் அவரை முப்பது வருஷத்துக்கு மேலாகப் படித்துவருகிற எனக்கு, அவருடைய கப்பலில் நான் எங்கே நிற்கிறேன் என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

கான்ராடைப் பற்றி நம்மில் பேசுகிறவர்கள் இரண்டு வார்த்தைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கடல் நாவலாசிரியர் என்பது ஒன்று. அனுபவத்திலிருந்து எழுதியவர் என்பது மற்றது. இரண்டும் பாதி உண்மை. பாதி உண்மையை வைத்துக்கொண்டு விமர்சனம் செய்ய முடியாது.

முதலில் வாழ்க்கையைப் பார்க்கலாம். 1857 டிசம்பர் 3ஆம் தேதி பெர்டிச்செவில் பிறந்தார். இன்று உக்ரேனில் இருக்கும் அந்த ஊர் அன்று ருஷ்யச் சாம்ராஜ்யத்தில் இருந்தது. சுற்றிலும் தரை. தகப்பனார் அப்பொல்லோ கோர்ஸெனியோவ்ஸ்கி கவிஞர், மொழிபெயர்ப்பாளர், ருஷ்ய ஆட்சிக்கு எதிராக ரகசியமாக வேலை செய்தவர். அதற்குத் தண்டனையாக 1862இல் குடும்பத்தோடு வோலொக்டாவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1865இல் தாய் இறந்தாள். 1869இல் கிராகோவில் தகப்பனாரும் இறந்தார். அந்தச் சவ ஊர்வலத்தின் முன்னால் நடந்து போன பதினொரு வயதுப் பையனை, அவனுடைய தாய்மாமன் ததேயுஷ் பொப்ரோவ்ஸ்கி பிறகு தாங்கிப் பிடித்தார். கடன் அடைத்தார், கடிதத்தில் கண்டித்தார், கடைசிவரை பணம் அனுப்பினார்.

விக்தோர் ஹ்யூகோவின் 'கடலில் உழைப்பவர்கள்' நாவலைத் தகப்பனார் போலிஷ் மொழியில் பெயர்த்திருந்தார். அதன் அச்சுப் படிகளைப் பையன் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினான். இலக்கியத்தில் கடலோடு தமக்கு ஏற்பட்ட முதல் பரிச்சயம் அதுதான் என்று கான்ராட் பின்னால் எழுதினார். ஆகவே கடல் அவருக்கு முதலில் மொழியாக வந்தது, அதுவும் மொழிபெயர்ப்பாக. அந்தத் தலைப்பில் கடலுக்குப் பக்கத்தில் உழைப்பு என்ற சொல் இருப்பதையும் நான் கவனிக்கிறேன்.

1874இல், பதினேழு நிறைவதற்கு முன்பே, மார்ஸேலுக்குப் போய்ப் பிரெஞ்சுக் கப்பல்களில் சேர்ந்தார். 1878இல் கடன் மிஞ்சிப்போய்த் தன் மார்பில் தானே சுட்டுக்கொண்டார். குண்டு இருதயத்தைத் தொடாமல் போயிற்று. அதை ஒரு துவந்த யுத்தம் என்றே அவர் பிறகு சொல்லிவந்தார். மாமன் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதம் வெளியில் வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அதே வருஷம் ஓர் ஆங்கிலக் கப்பலில் ஏறி முதல் தடவையாக இங்கிலாந்து போனார். அப்போது வயது இருபது, ஆங்கிலம் அநேகமாகத் தெரியாது. அது அவருக்குத் தாய்மொழிக்கும் பிரெஞ்சுக்கும் பிறகு வந்த மொழி. அதில் படித்துப் பரீட்சை எழுதி, 1880இல் செகண்ட் மேட், 1884இல் முதல் மேட், 1886இல் தலைவர் என்று மூன்று சான்றிதழ்களும் பெற்றார். பெற்றவருக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்துவிடவில்லை. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்ததிலிருந்து நீராவிக் கப்பல்கள் பாய்க்கப்பல்களை விழுங்கிக்கொண்டிருந்தன. சான்றிதழ் உள்ளவர்கள் அதிகம், இடங்கள் குறைவு. அவர் தலைவராக இருந்த கடற்கப்பல் ஒன்றே ஒன்று: 1888இல் பாங்காக்கில் பொறுப்பேற்ற 'ஒட்டாகோ'. 1894 ஜனவரியில் கடைசிக் கப்பலை விட்டார். 1895இல் முதல் நாவல் வெளிவந்தது. ஒரு தொழில் செத்துக்கொண்டிருந்தபோது அதைக் கற்றவர் அவர். அது செத்த பிறகு அதை எழுதினார்.

3

'அனுபவத்திலிருந்து எழுதியவர்' என்பதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 'பாலஸ்தீன்' என்ற பழைய கப்பல் நிலக்கரி ஏற்றிக்கொண்டு பாங்காக் புறப்பட்டது. அதில் அவர் செகண்ட் மேட். வழியில் ஒழுக்கு கண்டு, ஃபால்மவுத்தில் மாதக்கணக்காகக் கிடந்து, கடைசியில் 1883 மார்ச்சில் சுமத்திராவுக்கு அருகே நிலக்கரி தானாகத் தீப்பிடித்துக் கப்பல் எரிந்துபோயிற்று. மாலுமிகள் படகுகளில் இறங்கினார்கள். இதுதான் 1898இல் 'யூத்' என்ற கதையாயிற்று. கப்பல் பெயர் 'ஜுடியா' என்று மாறுகிறது. தலைவரின் பெயர் பியர்ட், மேட்டின் பெயர் மாஹன், இரண்டும் நிஜத்தில் இருந்தபடியே இருக்கின்றன. ஆனால் நிஜத்தில் படகுகள் ஒரு நாளுக்குள் பங்கா தீவில் உள்ள முண்டோக் என்ற சிறு துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. கதையில் இரவும் பகலுமாகத் துடுப்புப் போட்டு, உடம்பெல்லாம் ஓய்ந்து, விடியலில் கீழ்த்திசையைப் பார்க்கிறார்கள்.

1922இல் ரிச்சர்ட் கர்ல் என்ற நண்பர் ஒரு கட்டுரையில் அந்த ஊரின் பெயரைப் போட்டுவிட்டார். கான்ராட் கோபமாகக் கடிதம் எழுதினார். இடத்தைச் சுட்டிச் சொல்வது கலையின் மயக்கத்தைக் கொன்றுவிடும் என்பது அவர் வாதம். அனுபவம் வேண்டும், ஆனால் அதன் முகவரி வேண்டாம் என்கிறார். நம்முடைய பத்திரிகைகளில் பல வருஷமாக அனுபவம், அனுபவம் என்று ஜபித்துக்கொண்டிருக்கிறோம். நேற்று மாலை நடந்ததை இன்று காலை எழுதி, அது நிஜமாக நடந்தது என்பதையே அதன் தகுதியாகக் காட்டுகிறோம். கான்ராட் எதை எழுதினாலும் எட்டு, பத்து, இருபது வருஷம் கழித்தே எழுதினார். ஒட்டாகோவில் 1888இல் நடந்தது 'தி ஷேடோ லைன்' என்ற குறுநாவலாக 1917இல்தான் புத்தகமாயிற்று. அதற்குள் அவருடைய மகன் யுத்தத்துக்குப் போயிருந்தான். அந்த வயதுக்காரர்களுக்கே புத்தகத்தைச் சமர்ப்பித்தார். கடலில் அசையாமல் நின்ற ஒரு கப்பலும் காய்ச்சலில் விழுந்த மாலுமிகளும், முப்பது வருஷம் கழித்து வேறொரு தலைமுறையின் சாவைப் பேசுவதற்குக் கிடைத்த வார்த்தைகள் ஆயின. நடந்ததற்கு இடையில் அர்த்தம் சேர இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

நார்சிஸஸ் விஷயமும் இப்படித்தான். நிஜக் கப்பல் 1884 அக்டோபரில் டன்கிர்க்கில் பிரயாணத்தை முடித்தது. நாவலில் அது லண்டனுக்கு, தேம்ஸ் நதிக்கு வருகிறது. நிஜக் கப்பலில் கரை சேருவதற்கு முன் ஒரு மாலுமி இறந்தான். நாவலில் இறக்கும் கறுப்பு மாலுமி ஜேம்ஸ் வெய்ட்டின் சாயல் இன்னொரு கப்பலிலிருந்து வந்தது. அந்த நாவலின் தலைப்பில் உள்ள வசைச்சொல்லை நான் இங்கே எழுதவில்லை. அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்கள் வியாபாரக் காரணத்துக்காக அதை 'கடலின் குழந்தைகள்' என்று மாற்றி வெளியிட்டார்கள்.

அந்த நாவலில் எனக்கு முக்கியமாகப் படுவது புயல் அல்ல. புயல் எழுத ஆங்கிலத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கிழட்டு மாலுமி சிங்கிள்டன் முப்பது மணி நேரம் சுக்கானைப் பிடித்து நிற்கிறான். அதற்காக யாரும் அவனைப் பாராட்டுவதில்லை, அவனும் எதிர்பார்ப்பதில்லை. அவனுக்குத் தத்துவம் கிடையாது, பேச்சு கிடையாது. பேசுகிறவன் டான்கின் என்ற சோம்பேறி. உரிமையைப் பற்றி ஓயாமல் பேசுகிறவன் வேலையைத் தட்டிக்கழிக்கிறான், பேசாதவன் செய்கிறான். இதில் ஒரு பழமைவாத அரசியல் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கான்ராடின் கடல் என்பது என்ன என்று இங்கேதான் தெரிகிறது. அலை, அஸ்தமனம், முடிவின்மை ஆகியவை அவருக்கு இரண்டாம் பட்சம். ஒரு கப்பலில் இத்தனை பேர், இத்தனை கயிறு, நான்கு மணி நேர வாட்ச். ஒருவன் தன் இடத்தை விட்டு நகர்ந்தால் மற்றவர்கள் சாவார்கள். மனிதனின் மதிப்பைக் கண்டுபிடிக்க அவருக்கு வேறு தராசு இல்லை. ருஷ்யச் சிறையும் அனாதைத்தனமும் அன்னிய மொழியுமாக, நம்பிக்கை வைக்க வேறெதுவும் மிஞ்சாதவருக்கு இது மிஞ்சியது.

4

அந்தத் தராசில் அவர் வைத்துப் பார்த்த மிகப் பெரிய சம்பவம் அவருடைய சொந்த அனுபவமே இல்லை. 1880 ஜூலையில் 'ஜெட்டா' என்ற நீராவிக் கப்பல், ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர், பினாங்கு வழியாகப் புறப்பட்டது. கிட்டத்தட்ட ஆயிரம் பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட. ஆகஸ்டில் ஏடன் வளைகுடாவுக்கு முன்னால் கப்பலில் தண்ணீர் புகுந்தது. மூழ்கிவிடும் என்று நம்பித் தலைவரும் வெள்ளை அதிகாரிகளும் படகில் இறங்கித் தப்பினார்கள். இன்னொரு கப்பல் அவர்களை ஏடனில் கொண்டு சேர்த்தது. கப்பல் மூழ்கிப்போயிற்று, யாத்திரிகர்கள் இறந்துவிட்டார்கள் என்று அங்கே சொன்னார்கள். ஓரிரு நாளில், 'ஆன்டனர்' என்ற கப்பல் ஜெட்டாவைக் கட்டி இழுத்துக்கொண்டு ஏடனுக்குள் வந்தது. யாத்திரிகர்கள் உயிரோடு இருந்தார்கள். அதன் முதல் மேட் அகஸ்டின் பாட்மோர் வில்லியம்ஸ், ஒரு பாதிரியாரின் மகன். அந்த அவமானத்தோடு பிறகு சிங்கப்பூரிலேயே தங்கி, கப்பல் சாமான் விற்கும் கடையில் வேலை பார்த்து, 1916இல் இறந்தார். கான்ராட் அந்தத் துறைமுகங்களில் சுற்றிய காலத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

1900இல் இது 'லார்ட் ஜிம்' ஆயிற்று. ஜெட்டா 'பாட்னா' ஆனது, ஆயிரம் எண்ணூறு ஆனது. ஜிம் என்ற இளைஞன் படகில் குதிக்கிறான். ஏன் குதித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. மற்றவர்கள் ஓடி ஒளிய, அவன் மட்டும் விசாரணை மன்றத்தில் நிற்கிறான். சான்றிதழ் பறிபோகிறது. ஒரு கணத்தில் செய்த காரியத்தை ஆயுள் முழுவதும் விளக்க முயன்று தோற்பவனைப் பற்றி இதைவிட நல்ல நாவல் ஆங்கிலத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோவதற்கு முன், அங்கே வாங்கிய ஒரு கிழிந்த பிரதியை வைத்துக்கொண்டு இந்த நாவலின் சில அத்தியாயங்களைத் தமிழில் பெயர்க்க முயன்றேன். ஒரு சிற்றேட்டுக்காக. ஏடு நின்றுபோயிற்று. ஆனால் ஏடு நிற்பதற்கு முன்பே நான் நின்றுவிட்டேன். காரணம் ஒரு பிரதிப் பெயர்ச்சொல்.

கதையைச் சொல்லும் மார்லோ, ஜிம் தங்களைச் சேர்ந்தவன் என்று நாவல் நெடுகச் சொல்லிக்கொண்டே போகிறான். நாவலின் முதுகெலும்பே அந்தச் சொற்றொடர்தான். ஆங்கிலத்துக்கு இதில் கஷ்டமில்லை. தன்மைப் பன்மைக்கு அங்கே ஒரே சொல். கேட்கிறவனும் உள்ளே இருக்கிறானா, வெளியே இருக்கிறானா என்று அது சொல்வதில்லை. தமிழ் அப்படி விட்டுவிடாது. 'நம்மில்' என்றால் வாசகனாகிய நானும் உண்டு. 'எங்களில்' என்றால் நான் கிடையாது. முதலில் 'நம்மில்' என்று எழுதினேன். நாவலைப் படிக்கும்போது ஜிம் என்னைச் சேர்ந்தவன் என்றுதான் தோன்றியிருந்தது. கோழைத்தனமும் கனவும் எனக்குத் தெரியாதவை அல்ல. நாலைந்து பக்கம் போன பிறகு, யாத்திரிகர்கள் பாட்னாவின் மேல்தளத்தில் பாயும் போர்வையும் விரித்துத் தூங்கும் இடத்துக்கு வந்தேன். மிக அழகாக எழுதப்பட்ட இடம். கிழவர்கள், பிள்ளைகள், முக்காடிட்ட பெண்கள், தலைக்கு மூட்டை. அங்கே பேனா நின்றது.

என் தாத்தா பினாங்குக்கு 'ரஜூலா'வில் போனவர். 1920களிலிருந்து 1970களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் மலேயாவுக்கும் இடையில் ஓடிய கப்பல் அது. அவர் டெக் பாசஞ்சர். அறை கிடையாது, விரித்த இடம்தான் இடம். சுருட்டிய பாய், டிரங்குப் பெட்டி, ஒரு தூக்குவாளி. கப்பலைப் பற்றிக் கேட்டால் வாந்தியைப் பற்றியும் பக்கத்தில் படுத்திருந்த சிவகங்கைக்காரரைப் பற்றியும் சொல்வார். கடலைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. தலைவரை அவர் பார்த்ததே இல்லை. அந்த மனிதர் பாட்னாவின் மேல்தளத்தில் தூங்குகிறார் என்று எனக்குத் தெரிந்தபோது, ஜிம் 'நம்மில்' ஒருவன் என்று எழுத முடியவில்லை. ஜிம் குதித்தது என் தாத்தாவை விட்டுவிட்டு.

5

இது கான்ராடிடம் அங்கொன்று இங்கொன்றாக உள்ள குறை இல்லை. 'டைஃபூன்' கதையில் 'நான்ஷான்' கப்பலின் அடித்தளத்தில் ஊர் திரும்பும் இருநூறு சீனக் கூலிகள் அடைபட்டிருக்கிறார்கள். புயலில் அவர்கள் பெட்டிகள் உடைந்து, வருஷக்கணக்காகச் சேர்த்த டாலர்கள் சிதறி, இருட்டில் ஒருவர்மேல் ஒருவர் உருண்டு அடித்துக்கொள்கிறார்கள். கற்பனையே இல்லாத தலைவர் மக்வெர், புயல் ஓய்ந்ததும், எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாததால் பணத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறார். அது நியாயம், கான்ராட் அதை நியாயம் என்றே காட்டுகிறார். ஆனால் அந்த இருநூறு பேரில் ஒருவனுக்கும் பெயர் இல்லை, முகம் இல்லை. பேசுவது காதில் விழுகிறது, அர்த்தமாகவில்லை.

கரைக்கு வந்தால் நிலைமை வேறு. 1887இல் 'வைடார்' என்ற சிறு நீராவிக் கப்பலில் அவர் சிங்கப்பூருக்கும் போர்னியோவுக்கும் போய்வந்தார். ஓர் அராபிய வியாபாரியின் கப்பல் அது. பெராவ் ஆற்றின் மேல் ஓல்மையர் என்ற டச்சு-ஆசியக் கலப்பு வியாபாரியைப் பார்த்தார். அதிலிருந்து பிறந்த 'ஆல்மேயர்ஸ் ஃபாலி'யில் மலாய்க்காரர்களுக்குப் பெயர் உண்டு, சூழ்ச்சி உண்டு, காதல் உண்டு. நீனா என்ற பெண் தகப்பனை விட்டுத் தாயின் இனத்தோடு போகத் தீர்மானிக்கிறாள். அந்தத் தீர்மானத்தை அவர் கேலி செய்யவில்லை. கப்பலில் ஏறியதும்தான் பெயர்கள் மறைகின்றன. காரணம் அந்தத் தராசு. வேலை செய்கிறவனுக்குத்தான் அங்கே முகம். பிரயாணி வேலை செய்வதில்லை. ஆகவே அவன் சுமை.

சினுவா அச்செபி 1975இல் மாஸசூஸெட்ஸில் நிகழ்த்திய உரையில், 1890இல் கான்ராட் காங்கோ போய்வந்ததன் விளைவான 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' கதையை எடுத்துக்கொண்டு, ஆப்பிரிக்காவை ஒரு வெள்ளைக்காரனின் மனம் சிதறுவதற்கான மேடையாக மட்டும் ஆக்கிய இனவெறியர் என்று அவரைச் சொன்னார். பல்கலைக்கழகங்களில் அதற்கு நூறு சமாதானங்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பல எனக்கு வக்கீல் பேச்சாகப் படுகின்றன. அச்செபி சொன்னதை ஒப்புக்கொண்டே ஒன்று சொல்ல விரும்புகிறேன். கடல் கதைகளில் கான்ராடை மடக்குவதற்கு வெளியிலிருந்து ஒரு நீதி கொண்டுவரத் தேவையில்லை. அவருடைய தராசே போதும்.

பாட்னாவில் வெள்ளை அதிகாரிகள் படகில் இறங்கியபோது, சுக்கானில் இரண்டு மலாய்க்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். போகலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள் போகவில்லை. கப்பல் எங்கும் போகாதபோதும் சுக்கானைப் பிடித்தபடி நின்றார்கள். சிங்கிள்டன் செய்ததும் இதுதான். நாவல் முழுவதும் ஜிம் எதைச் செய்யத் தவறினான் என்று நானூறு பக்கம் பேசுகிறது. செய்தவர்கள் இரண்டு பேர், ஒரு பக்கத்தில் வந்து போய்விடுகிறார்கள். அவர்களுக்கும் பெயர் இல்லை.

விசாரணையில் அவர்களைக் கூப்பிடுகிறார்கள். அப்போது என்ன நினைத்தாய் என்று கேட்டதற்கு, இளையவன் ஒன்றும் நினைக்கவில்லை என்கிறான். கிழவன், வெள்ளைக்காரர்கள் சாவுக்குப் பயந்து போவார்கள் என்று தனக்குத் தோன்றவே இல்லை, வேறு ரகசியக் காரணம் இருந்திருக்கும் என்கிறான். பிறகு திடீரென்று, தான் எவ்வளவு காலமாகக் கடலில் இருக்கிறேன் என்று சொல்லி, தான் வேலை பார்த்த கப்பல்களின் பெயர்களையும் செத்துப்போன தலைவர்களின் பெயர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லத் தொடங்குகிறான். மன்றத்தில் சலசலப்பு. கடைசியில் அவனை நிறுத்துகிறார்கள்.

முன்பெல்லாம் இந்த இடத்தை ஒரு வேடிக்கையாகப் படித்துவிட்டுப் போயிருக்கிறேன். 1884 ஏப்ரல் தெரிந்த பிறகு அப்படிப் படிக்க முடியவில்லை. அந்தக் கிழவன் சொன்ன பட்டியல் அவனுடைய சான்றிதழ். காகிதத்தில் யாரும் எழுதிக் கொடுக்காததால் மனசில் வைத்திருந்தான். 'நடத்தை' என்ற இடம் காலியாக விடப்பட்ட ஒரு காகிதத்தோடு சென்னையில் கரையிறங்கிய ஒருவருக்கு, அந்தப் பட்டியலின் அர்த்தம் தெரியாமலா இருந்திருக்கும்? தன் தலைவரைக் காட்டிக்கொடுத்தோம் என்ற கூச்சமும், சொன்னது தவறில்லை என்ற வீம்பும் அவரிடம் சேர்ந்தே இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதிலிருந்து ஜிம் பிறந்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு சம்பவத்துக்கு ஒரு நாவல் என்று ஒட்டுப்போடுவது, கர்ல் செய்த காரியத்தைவிட மோசமானது. ஆனால் அந்தக் கிழவனை மன்றத்தில் நிறுத்தி அந்தப் பெயர்களைச் சொல்ல வைத்தது ஜிம்மின் கதைக்குத் தேவையில்லை. தேவையில்லாதது நாவலில் ஏன் வந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் இது ஒன்றுதான். எழுதுகிறவரின் கைக்கு உண்மை தெரிந்திருந்தது. அவருடைய மார்லோவுக்குத் தெரியவில்லை.

இது ஒரே ஒரு தடவை நேர்ந்த தற்செயலும் அல்ல. 1902இல் வந்த 'தி எண்ட் ஆஃப் த டெதர்' கதையில் வேலி என்ற முதிய தலைவருக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. மகளுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருப்பதால் அதை மறைத்துக் கப்பலை ஓட்டுகிறார். அவருக்குக் கண்ணாக இருப்பவன் ஒரு மலாய்க்கார ஸெராங். கரையைப் பார்ப்பதும் ஆழத்தைப் பார்ப்பதும் அவன். அவனையும் கதை 'ஸெராங்' என்று மட்டுமே கூப்பிடுகிறது. கீழ்த்திசைக் கடலில் வெள்ளைக்காரத் தலைவனுக்குப் பார்வை இல்லை, பார்ப்பவன் பெயரில்லாதவன். இதைத் தெரிந்து எழுதினாரா, தெரியாமல் எழுதினாரா என்பது முக்கியமில்லை.

6

1924இல் ஸர் பட்டம் கொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த வருஷமே ஆகஸ்ட் 3ஆம் தேதி, இங்கிலாந்தில் தம் வீட்டில் இறந்தார். கான்டர்பரியில் உள்ள கல்லறைக் கல்லில் அவருடைய பெயரைத் தவறான எழுத்துக்களோடு செதுக்கிவிட்டார்கள். அங்கேயும் அவர் முழுக்க உள்ளே சேர்ந்தவர் இல்லை.

அதே கடலில், ஐம்பது அறுபது வருஷம் கழித்து, தமிழ் பேசுகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு தோணி போயிற்று. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் புத்தகமாக வந்தபோது அநேகமாக யாரும் கவனிக்கவில்லை. சிங்காரம் மெடானில் கடையில் வேலை பார்த்தவர், மாலுமி அல்ல. அந்தத் தோணியின் தளத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, ஓயாத பேச்சு உண்டு. கான்ராடிடம் வாய் திறக்காதவர்கள் இங்கே பேசித் தீர்க்கிறார்கள். இருவரையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது. சிங்காரத்தை வைத்துக் கான்ராடைத் தள்ளிவிடலாம் என்பதற்காகச் சொல்லவில்லை. சுக்கானில் நிற்பதன் கனம் என்ன என்று கான்ராட் சொன்ன அளவுக்கு நம்மில் யாரும் இன்னும் சொல்லவில்லை.

அந்த மொழிபெயர்ப்பு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக எடுத்துப் பார்த்தேன். 'நம்மில்' என்பதை எல்லா இடத்திலும் அடித்து 'எங்களில்' என்று திருத்தியிருக்கிறேன். மார்லோ பேசுவது தன் நண்பர்களிடம், வராந்தாவில், சாப்பாட்டுக்குப் பிறகு, சுருட்டுப் புகைக்கு நடுவில். அங்கே எனக்கு நாற்காலி இல்லை. 'எங்களில்' என்பதுதான் சரியான தமிழ். கிழட்டுச் சுக்கானி பேசும் பக்கத்தை அன்று பெயர்க்காமல் விட்டிருக்கிறேன். இனிமேல் அந்த ஒரு பக்கத்தையாவது பெயர்த்துவிட வேண்டும்.